இணைச்சீருக்கு ஆகாத அத்தை

நம் குடும்பக் குழுவில் நீங்கள் போட்டதைப் பார்த்தேன். அத்தை நடித்த பழைய தொடர் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த துண்டு, அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், "நம்ம குடும்பத்தின் பெருமை" என்று ஒரு வாசகம். அதற்கும் கீழே, சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அத்தையை அழைத்துவந்து மேடையேற்றிச் சால்வை போடலாம் என்று ஒரு யோசனை. அத்தை வீட்டுக்கு இன்றைக்கும் போய் வருகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் கேட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கேட்டுவிட்டேன். அத்தை பதிலும் சொல்லிவிட்டாள். அதை ஒரே வரியில் குழுவில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது, பாதிப் பேர் சர்க்கரை மாத்திரை விழுங்குகிறோம், மறந்துபோச்சு என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற வயது வந்துவிட்டது. அப்படி உங்களைத் தப்பிக்க விட எனக்கு மனசில்லை. அந்த வருஷம் நடந்ததை முதலில் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பதிலுக்கு வாருங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் எல்லோரும் சிங்காநல்லூர் வீட்டில் இருந்தோம். பின்னால் பெரியப்பாவின் பவுண்டரி. வார்ப்புக்கு வைத்திருக்கும் கருமணல் எப்படித்தான் வீட்டுக்குள் வருமோ, தட்டில் சோற்றைப் பிசைந்தாலும் பல்லில் நறநறக்கும். என் அப்பா அந்தப் பவுண்டரியில்தான் வேலை பார்த்தார். சொந்த அண்ணனிடம் சம்பளம் வாங்குகிறவருக்கு வீட்டில் எந்த அளவு குரல் இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா, அப்பா, அடுத்து அத்தை, கடைசியாகச் சித்தப்பா. இவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டதால் சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அத்தை. இதைப் பெரியம்மாவே பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரியம்மா என்று நான் சொல்வது பெரியப்பா மனைவியை. உங்களில் இரண்டு பேருக்கு அம்மா. கோபம் வந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போங்கள்.

அத்தையைக் கட்டிக்கொடுத்தது போத்தனூரில். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருநாள் ஆனைமலைக் கோயிலுக்குப் போன இடத்தில் ஏதோ ஷூட்டிங் நடந்திருக்கிறது. தேங்காய் கடன் கேட்க வரும் பக்கத்து வீட்டுக்காரியாக நம் ஊர்ப் பேச்சு பேச ஒரு ஆள் வேண்டுமாம். சென்னையிலிருந்து கூட்டிவந்த பொம்பளைக்கு அந்தப் பேச்சு நாக்கில் ஏறவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நின்ற அத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போக, நீயே பேசு என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கு வந்த முதல் சம்பளத்தில் அத்தை தனக்கென்று எதுவும் வாங்கவில்லை. சித்தப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினாள். தினமும் சாவி திருகுகிற கடிகாரம். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு டிவிக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரி ஆயா, வாடகை கேட்டு வந்து நிற்கும் வீட்டுக்காரம்மா, கோர்ட்டில் சாட்சி சொல்லும் பொம்பளை. ஒரு காட்சி, இரண்டு காட்சி. மாமா ராத்திரி ரயிலில் ஏற்றிவிடுவார், திரும்பி வரும்போது பிளாட்பாரத்தில் காபியோடு நிற்பார். போத்தனூர் குவாட்டர்ஸில் நான் லீவுக்குப் போய்த் தங்கும்போதெல்லாம் அத்தை அன்றைக்குப் பார்த்தவர்களை எல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டே அடுப்பில் வேலை செய்வாள். பால்காரர், டிக்கெட் கவுண்ட்டர் அம்மா, சென்னையில் மேக்கப் போடுகிறவர். அத்தை ஆட்களின் முகத்தை அதிகம் பார்க்க மாட்டாள், கைகளைத்தான் பார்ப்பாள். மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவார்.

அப்புறம்தான் அந்த மாமியார் வேஷம் வந்தது. வாரம் ஒருநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பெரியப்பாவின் கலர் டிவி மரப்பெட்டிக்குள் இருக்கும், கதவு வைத்த டிவி. பெரியம்மாதான் சாவி போட்டுத் திறப்பார். தெருவே வந்து பாயில் உட்காரும். அத்தை அந்தத் தொடரில் மருமகளைப் படுத்தாத பாடு படுத்துவாள், ஆனால் ஒரு சொல் அதட்டிப் பேச மாட்டாள். எல்லாம் "ங்க" போட்ட பேச்சுத்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாவிக்கொத்தைச் சரிசெய்துவிட்டு, கட்டைவிரலால் மூக்குத்தியை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். பெரியம்மாவுக்கு அந்த மாமியாரை அப்படிப் பிடித்துப்போயிற்று. எங்க நாத்தனாருங்க, அந்தப் புள்ளய எப்புடி ஆட்டி வெக்கறா பாருங்க என்று தெருவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, கட்டைவிரலால் மூக்குத்தியை அழுத்திக்கொள்வார். எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், டம்ளரை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்ததைப் பார்த்தேன். பெரியம்மாவுக்கு மட்டும் தெரியவே இல்லை. தன் கையைத் தானே எங்கே பார்க்கிறோம்.

அந்தப் பருவத்தில்தான் சித்தப்பாவுக்குப் பெண் அமைந்தது. ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்புக்காரர்கள். டிவியில வர்றாங்களே அந்த மாமியாரம்மா, அவங்க தம்பியா என்று கேட்டுவிட்டுத்தான் பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை பார்க்கவே வந்தார். அத்தை பேரால் வந்த சம்பந்தம். தேதி குறித்த நாளிலிருந்து அத்தைக்கு ஒரே நினைப்பு, இணைச்சீர்.

உங்கள் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், இணைச்சீர் என்றால் இதுதான். மாப்பிள்ளை தாலி கட்டப் போவதற்கு முன்னால் அவனுடைய அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரே சேலையின் ஒரு நுனி அவன் கையில், மறு நுனி அவள் கையில். பெண்டாட்டி வந்த பிறகும் கூடப்பிறந்தவளைக் கைவிட மாட்டேன் என்று பொருள். சீர் நடத்திவைக்கிற அருமைக்காரர் இதை ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்வார், நாமும் தலையாட்டிவிட்டுப் பந்திக்கு ஓடுவோம். அத்தை தானே போய்த் தேர்நிலைக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் அரக்குப் பட்டு எடுத்துவைத்தாள். பெற்ற பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி இருந்த ஒரே சீர் அது. என்னைப் பக்கத்தில் நிறுத்தி, சேலை நுனியைக் கையில் கொடுத்து, ஒத்திகை வேறு பார்த்தாள். நான்தான் மாப்பிள்ளை. சித்தப்பா வந்தபோதெல்லாம், நீதானுங்கக்கா நிக்கோணும், வேற யாரு நிப்பா என்று சொல்லி, அத்தை போட்ட பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது தொடரில் அந்த மாமியாருடைய புருஷனை லாரியில் மோதவிட்டுச் சாகடித்தார்கள். கதை எழுதுகிறவருக்கு என்ன கோபமோ. அந்தச் செவ்வாய்க்கிழமை நம் கூடம் நிரம்பி ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள். அத்தைக்கு வளையலை உடைத்தார்கள், மஞ்சள் கயிற்றை அறுத்தார்கள். அத்தை வாய்விட்டு அழவில்லை. உடைந்த வளையல் துண்டுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். கதையில் தவழ்கிற பேத்தி அதன் மேல் வந்துவிடக்கூடாது என்று. அதுவரை அத்தையைத் திட்டிக்கொண்டிருந்த தெரு மொத்தமும் அழுதது. பெரியம்மா மூக்கைச் சிந்தினார். டிவிக் கதவைச் சாத்திப் பூட்டினார். பிறகு நேராகக் குளியலறைக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டிவியில் ஒருத்தர் செத்ததற்குத் தலை முழுகினார். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி ஈரத் தலையோடு விளக்கேற்றினார். அப்போது நாம் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அத்தை கொஞ்சம் மோசமாக நடித்திருந்தால், கயிற்றை அறுக்கும்போது கேமராவை ஒரு தடவை பார்த்துத் தொலைத்திருந்தால், பெரியம்மா குளித்திருக்க மாட்டார். மருமகளைக் கொடுமை செய்தபோது நம் வீட்டுப் பெண்ணாக இருந்தவள், புருஷனைப் பறிகொடுத்த மாதிரி நடித்ததும் ஆகாதவளாகிவிட்டாள்.

பந்தலுக்கு முகூர்த்தக்கால் நட்ட அன்றைக்குத்தான் சொன்னார்கள். சாமான் அறையில் தேங்காய் குவிந்து கிடந்தது, ஒப்புட்டுக்கு வாங்கிய வெல்லத்தின் வாசனை மூக்கை அடைத்தது. அத்தை அரக்குப் பட்டைத் தோளில் போட்டு எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா நிலைப்படியில் சாய்ந்து நின்றார். பெரியம்மா உள்ளே வந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். மூக்குத்தியை அழுத்தினார்.

"அம்மணி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதே. நீ எங்களுக்கு என்னைக்கும் ஒசத்திதான். ஆனா ஊரே உன்னய அந்தக் கோலத்துல பாத்துபோட்டாங்க. நீ சீருக்கு நின்னீன்னா பாக்கறவங்க கண்ணுக்கு அதுதானே தெரியும்? இந்த ஒருக்கா நம்ம பெருந்துறைக்காரி நிக்கட்டும். நீ முன்னால சோபாவுல ராணியாட்டம் உக்காந்து பாரு. உனக்கென்ன கொறச்சல்?"

பெருந்துறைக்காரி என்றது பெரியப்பாவின் சித்தப்பா மகளை. முறைக்குத் தங்கை. சித்தப்பாவை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் அதிகம்.

அத்தை கழுத்துச் சரட்டை எடுத்து வெளியே போட்டாள். "நங்கையா, என்ற தாலி என்ற கழுத்துலதானுங்க இருக்குது. அன்னைக்கு அறுத்தது அவங்க குடுத்த கயிறு. இதைய ரவிக்கைக்குள்ள ஊக்குப் போட்டுக் குத்திட்டுத்தான் நடிச்சேன்." அண்ணன் மனைவியை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"அது எனக்குத் தெரியுது அம்மணி. பாத்தவங்களுக்குத் தெரியோணுமில்ல?"

அத்தை நிலைப்படிப் பக்கம் திரும்பி, "நீ சொல்லு சாமி," என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

சித்தப்பா குனிந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சின்னத் திருகைத் திருகின. காலையில் கொடுத்த சாவிதான், இன்னும் எங்கே ஏறப்போகிறது. ஆனாலும் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சமையல்காரர் கூப்பிடுகிறார் என்று போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை. அத்தை பட்டை மடிப்புக் கலையாமல் மடித்துப் பையில் வைத்தாள். பெரியப்பா அன்று ராத்திரி அத்தையைக் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாக ஆறுதல் சொன்னார். நம் ஊரில் ஆளை வெட்டுவதாக இருந்தாலும் வெட்டிக்கட்டுங்களா என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். என் அப்பா கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். தங்கச்சிக்கு ரெண்டு நாள்ல சரியாப்போயிரும் என்று அம்மாவிடம் சொன்னார். அவர் அப்படி நம்பினாரா, நம்ப வேண்டியிருந்ததா என்று இனிமேல் கேட்க முடியாது.

கல்யாணத்தன்று சொன்னபடியே அத்தையை முன் வரிசைச் சோபாவில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் மாமா, வெள்ளை வேட்டியில், கல்லுக் குண்டாட்டம். மேடையில் பெருந்துறைக்காரி சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அருமைக்காரர் வழக்கம்போல, கூடப்பிறந்தவளைக் கைவிடாமல் இருப்பதற்கான சீர் என்று சொன்னார். அப்போது அந்தப் பக்கமாக வந்த பெரியம்மாவை மாமா நிறுத்தி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஏனுங்கக்கா, நான் எப்பச் செத்தேனுங்க?" என்று கேட்டார். பெரியம்மா சிரித்து, உங்களுக்கு எப்பவும் தமாசுதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அத்தை மடியில் பெண் வீட்டுப் பிள்ளைகள் கையெழுத்து கேட்டு நீட்டிய காகிதங்கள். ஒவ்வொன்றிலும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்த வீடியோக்காரர் மேடைக்கும் அத்தைக்குமாக லைட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

தாலி கட்டி முடிந்து, முதல் பந்தி எழுந்து, ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் பாட ஆரம்பித்த நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் மைக்கைப் பிடித்தார். நம்ம டிவி மாமியாரம்மா ஒரு சீன் செஞ்சு காட்டோணும் என்றார். கூட்டம் கைதட்டியது. பெரியப்பா எழுந்து, ஆமா அம்மணி, ஆசைப்படறாங்கல்ல என்றார். நம் பெரியம்மா, பட்டுச் சேலையும் வைரமூக்குத்தியுமாக, சம்பந்தி வீட்டம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மாமியாராட்டமே பேசிக் காட்டு அம்மணி," என்றார். இதைக் கேட்டது நானோ நீங்களோ இல்லை. அவரே வாயால் கேட்டார்.

அத்தை கையெழுத்துப் பேனாவை மூடி அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மேடையேறினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். இல்லாத சாவிக்கொத்தைச் சரிசெய்தாள். கட்டைவிரலால் மூக்குத்தியை அழுத்தினாள். அதற்கே பெண் வீட்டார் விசிலடித்தார்கள்.

"அம்மணி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதே," என்று ஆரம்பித்தாள்.

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஊரே பாத்துபோட்டாங்க என்றது, பெருந்துறைக்காரி நிற்கட்டும் என்றது, சோபாவில் ராணியாட்டம் உட்காரச் சொன்னது, உனக்கென்ன கொறச்சல் என்றது. குரல் பெரியம்மா குரல். "ஒசத்திதான்" என்னும்போது கழுத்தை லேசாகச் சாய்ப்பாரே, அதுவும் அப்படியே. பெண் வீட்டார் இது டிவியில் வந்த சீன் என்று நினைத்து உருண்டு உருண்டு சிரித்தார்கள். நம் ஆட்களும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார்கள். சிரிப்பு முன் வரிசையில் முதலில் நின்றது, பிறகு அதற்குப் பின்னால். பெருந்துறைக்காரி கழுத்தில் கிடந்த சீர் மாலையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். பெரியம்மாவின் கை மூக்குத்திக்குப் போனது, பாதி வழியில் நின்றது, எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே இறங்கியது. அன்றைக்குத்தான் அவர் தன் கையைப் பார்த்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்துத் தாய்மாமன் மைக்கை வாங்கப் போனார். அத்தை தரவில்லை. இரண்டு அடி தள்ளிப் போய், கதவில் சாய்கிறவள் மாதிரி ஒரு தோளைச் சாய்த்து நின்றாள். தலையைக் குனிந்தாள். எதுவும் பேசவில்லை. ஆர்க்கெஸ்ட்ராக்காரர் ஏதோ வாசிக்கப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வசனம் மறந்துருச்சா என்று பெண்ணின் தங்கை சத்தமாகவே கேட்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் விரல்களைப் பார்த்தேன். இடது மணிக்கட்டில் இல்லாத கடிகாரத்துக்கு அத்தை சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். திருகினாள், திருகினாள், திருகிக்கொண்டே இருந்தாள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சித்தப்பா தன் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுச் சித்தி அதைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானுங்க. வாரேனுங்க," என்று சொல்லி அத்தை மைக்கைக் கொடுத்தாள். மாமா பையை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். இரண்டு பேரும் வாசலில் வாழைமரத்தைத் தாண்டிப் போத்தனூர் பஸ் பிடிக்க நடந்து போனார்கள். பெண் வீட்டார் கை தட்டி முடியவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறீர்கள். கல்யாணக் கேசட்டில் அந்த இடத்தில் ஒரு அருவியும் ரோஜாப்பூவும் சினிமாப் பாட்டும் ஓடும். பெரியப்பா சொல்லி அழிக்கவைத்தது. அழிக்கும் முன்னால் வீடியோக்காரர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாராம், இத்தனை கல்யாணத்தில் இப்படி ஒன்றை எடுத்ததில்லை என்று அப்பாவிடம் சொன்னாராம். கடிகாரத்தைச் சித்தப்பா கையில் யாரும் அப்புறம் பார்க்கவில்லை. அத்தை ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டாள் என்று பெரியம்மா கொஞ்சநாள் பயந்து கிடந்தார். நியாயம் கேட்டு மிளகாய் பூசுகிற கோயில் அது. அத்தை அங்கே போகவே இல்லை. மண்டபத்திலேயே பூசியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை டிவிப் பெட்டி மட்டும் திறந்துகொண்டுதான் இருந்தது. பெரியம்மா கூடத்தில் உட்கார மாட்டார், சமையலறைக் கதவோரம் நின்று பார்ப்பார். அத்தை அதற்குப் பிறகு எத்தனையோ அம்மா, மாமியார், வேலைக்காரி. ஒரு தடவையும் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மாமா நிஜமாகவே போனார். உங்களில் எத்தனை பேர் வந்தீர்கள்? சித்தப்பா வந்தார். கேட்டுக்கு வெளியே கொஞ்சநேரம் நின்றார், டயமாச்சு என்று போனார். மாமா உயிரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தபோது அவளைத் தாலியறுத்தவள் என்று ஒதுக்கினோம். இப்போது அவர் இல்லை. இப்போது காலம் மாறிவிட்டது, நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை, அத்தைதான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்கிறீர்கள். பெரியம்மாவே ஆசைப்படுகிறார் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். முழுசாக ஒரு தலைமுறை தாமதமாக வந்த மரியாதை, அதுவும் இணையத்தில் ஒரு லட்சம் பேர் அந்தத் துண்டைப் பார்த்த பிறகு வந்த மரியாதை.

சரி, பதில். போன ஞாயிற்றுக்கிழமை போத்தனூர் போனேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீங்கள் போட்டதெல்லாம் ஒன்று விடாமல் படித்துக் காட்டினேன், சால்வை, குத்துவிளக்கு, பெரியம்மா ஆசை, எல்லாம். அத்தை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தண்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வாரேன்னு சொல்லு கண்ணு. மண்டபத்துல மைக் இருக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."